மாமா வந்தாங்க

கண்ணாடிக்காரிக்குக் கோபம் வந்தால் தெரு முழுக்கக் கேட்கும். கடைக்குள் கண்ணாடி வெட்டுகிற நேரம் மட்டும்தான் அவள் வாய் ஓய்ந்திருக்கும். சின்னச் சக்கரம் வைத்த கட்டரை மண்ணெண்ணெயில் தோய்த்து, மரச்சட்டத்தை ஒட்டி ஒரே இழுப்பாக இழுப்பாள். பிறகு கண்ணாடியை மேசை விளிம்புக்கு நகர்த்தி இரண்டு கட்டைவிரலாலும் ஒரு அழுத்து. கோட்டோடு பிரிந்து வந்துவிடும். வந்ததும், திட்டிக்கொண்டிருந்ததை விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள்.

கடை அவள் புருஷனுடையது. போர் நடந்த காலத்தில் அந்த ஊரில் முழுசாக நின்ற ஜன்னல் கண்ணாடியை விரல் விட்டு எண்ணிவிடலாம். "உங்களுக்கென்ன, குண்டு விழுந்தா வியாபாரம்" என்று வாய் கூசாமல் சொன்னவர்கள் உண்டு. புருஷன் சிரித்து மழுப்பிவிடுவான். இவள் மழுப்புகிறவள் இல்லை. "அப்போ கடையை நீங்க நடத்துங்க, நாங்க உங்க வீட்ல வந்து படுத்துக்கறோம்" என்று முகத்துக்கு நேரே கேட்டுவிடுவாள். போர் முடிய இன்னும் ஒரு வருஷம் இருக்கையில், ஒரு சாயங்காலம், புருஷனைத் துப்பாக்கிக்காரர்கள் கடைக்குள் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். விசாரித்துவிட்டு அனுப்புவதாகச் சொன்னார்கள். அந்த விசாரணை இன்றுவரை முடியவில்லை.

அதற்குப் பிறகு கட்டர் அவள் கைக்கு வந்தது. மூத்தவன் பத்து வயசுப் பையன், சின்னவள் நாலு முடியாதவள். கண்ணாடிக்காரியின் தம்பி மட்டும் அப்போது துணையாக நிற்காமல் போயிருந்தால் மூன்று பேரும் நடுத்தெருவில் நின்றிருப்பார்கள். லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன் தூர ஓட்டத்தை விட்டுவிட்டு ஊரோடு தங்கினான். ஆளுயரக் கண்ணாடிகளை அக்காவோடு மறுமுனை பிடித்து மாடி ஏற்றினான். பிறகு ஒரு பழைய வேனை வாங்கிப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கத் தொடங்கினான். ஊருக்கே அவன் வேன் மாமா. பல் முளைக்காதது முதல் மீசை முளைத்தது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் மாமா. சொந்த அக்கா மகள் மட்டும் அவனை மாமா என்று ஒரு நாளும் கூப்பிட்டதில்லை.

அவன் வாசலில் செருப்பைக் கழற்றினால் சின்னவள் உள்ளறைக்குப் போய்விடுவாள். அவன் வாங்கி வந்த ஷூ பெட்டியோடு கிடந்து சின்னதாகிப் போனது. "வாயைத் திறந்து மாமான்னு சொன்னா முத்து உதிர்ந்துடுமா உனக்கு?" என்று கண்ணாடிக்காரி எத்தனையோ முறை சத்தம் போட்டிருக்கிறாள். "விடுக்கா, கூச்சப்படுது" என்பான் தம்பி. கூச்சம் என்றே வருஷங்கள் போயின. மூத்தவன் கப்பலில் வேலைக்குப் போனான். சின்னவள் படித்து, அடுத்த ஊர் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்து, வாரத்துக்கு ஒரு முறை வீட்டுக்கு வந்து போனாள்.

இப்படி இருக்கையில்தான் படக்காரன் வந்து சேர்ந்தான். இந்த ஊர்ப் பெற்றோருக்குப் பிறந்து வேறெங்கோ வளர்ந்தவன். போர்க்காலத்தில் குடும்பங்கள் வீட்டுக்குள் எப்படி வாழ்ந்தன என்று ஆவணப்படம் எடுக்கிறானாம். எதைச் சமைத்தீர்கள், எங்கே படுத்தீர்கள், பிள்ளைகள் அழுதால் என்ன செய்தீர்கள் என்று கேட்டான். கேள்விகள் நல்ல கேள்விகள்தான். கண்ணாடிக்காரியும் ஒளிக்காமல் சொன்னாள். ஜன்னலில் குறுக்கும் நெடுக்கும் காகித நாடா ஒட்டியதைச் செய்து காட்டச் சொன்னான். வெளிச்சம் சரியில்லை என்று மூன்று முறை ஒட்ட வைத்தான். "நிஜமாவே ஒட்டினப்போ எங்களை யாரும் மறுபடி ஒட்டச் சொல்லலை தம்பி" என்றாள். அதையும் படம் பிடித்துக்கொண்டான். இவள் ஒரு வீட்டுக்கு ஜன்னல் மாட்டப் போயிருந்த நாளில் சின்னவளையும் தனியாக உட்கார வைத்துப் பேசியிருந்தான். மகள் என்ன பேசினாள் என்று இவளும் கேட்டுக்கொள்ளவில்லை.

படம் முடிந்ததும் முதலில் இந்த ஊருக்குத்தான் காட்டவேண்டும் என்று நூலகக் கூடத்தில் திரை கட்டினான். சின்னவளுக்கு அன்று வேலை, வரவில்லை. தம்பி தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வந்து அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். தன் ஜன்னலையும் தன் கைகளையும் திரையில் பார்த்தபோது கண்ணாடிக்காரிக்கு உள்ளூரப் பெருமையாகவே இருந்தது. அப்புறம் சின்னவள் முகம் வந்தது.

"மாமா வந்தாங்க. அப்பாவைக் கூட்டிட்டுப் போனாங்க."

அவ்வளவுதான் சொன்னாள். அடுத்த நொடி, வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் குடும்பப் படம் திரையை நிறைத்தது. மெல்ல மெல்ல நெருங்கிப் போய் ஒரே ஒரு முகத்தில் நின்றது. தம்பியின் முகம். இசையில்லை, பேச்சில்லை. கூடத்திலிருந்த தலைகள் ஒவ்வொன்றாக அவன் பக்கம் திரும்பின.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். அந்தக் காலத்தில் துப்பாக்கிக்காரர்கள் வருகிறார்கள் என்று வாய்விட்டுச் சொல்ல முடியாது. எந்தப் பக்கத்துத் துப்பாக்கி என்றாலும் அதே கதைதான். எவன் காதில் எது விழுந்து எதில் போய் முடியும் என்று யாருக்குத் தெரியும். போலீஸ்காரரை மாமா என்று கேலியாகச் சொல்கிற வழக்கம் அந்தத் தெருவில் இருந்தது. கண்ணாடிக்காரி அதையே பிள்ளைகளுக்குப் பழக்கிவிட்டாள். தெருவில் துப்பாக்கியைக் கண்டால் "மாமா வர்றாங்க" என்று சொல்லவேண்டும். அதைக் கேட்டதும் வெட்டுமேசைக்கு அடியில் போய் ஒடுங்கவேண்டும். வெளியாள் காதில் விழுந்தாலும் பாதகமில்லை. எந்த வீட்டுக்குத்தான் மாமா வரமாட்டார்? படக்காரனிடம் ஆயிரம் கதை சொன்னவளுக்கு இதைச் சொல்லத் தோன்றவில்லை. வீட்டுக்குள் புழங்கிய சொல்லுக்கு யார் உரை எழுதிக்கொண்டிருப்பார்கள்.

"நிறுத்துடா படத்தை" என்று அவள் எழுந்தாள். "அது இந்த மாமா இல்லை. நாங்க மாமான்னு சொன்னது அவனுங்களை." தொண்டை கிழியச் சொன்னாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் தம்பி எழுந்து, முழங்கால்களைத் தாண்டித் தாண்டி, வெளியே போய்விட்டான்.

யார் நம்பினார்கள்? அக்காக்காரி தம்பியை விட்டுக்கொடுப்பாளா, பெற்ற மகளே சொல்லிவிட்டாளே என்றார்கள். மறுநாளே வேனில் பாதி இருக்கை காலி. அந்த வாரம் முடிவதற்குள் மீதியும் காலி. ஒரு பெண் கடைக்கே வந்து, "நாங்க நம்பலைக்கா. ஆனா பிள்ளைங்க விஷயம் பாருங்க" என்று இழுத்தாள். "நம்பலைன்னா பிள்ளையை ஏத்தி விடு. நம்பினா நேராச் சொல்லிட்டுப் போ. ரெண்டுங்கெட்டான் பேச்சு என்கிட்ட வேண்டாம்" என்றாள் கண்ணாடிக்காரி. அந்தப் பெண் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். தம்பி வேனைக் கழுவுவதும், வெறும் வேனை மறுபடி கழுவுவதுமாக இருந்தான். அக்கா போனாலும் பேசவில்லை. காட்டிக்கொடுத்தவன் என்ற பேரோடு அவன் இந்த ஊரில் எப்படி இருப்பான்? புருஷனை ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. தம்பியையும் கொடுக்க அவள் தயாராக இல்லை.

படக்காரன் தங்கியிருந்த அறைக்கு நேராகப் போனாள். அவன் கணினியின் முன்னால் காதில் எதையோ மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இவளே அதைக் கழற்றிக் கீழே வைத்தாள்.

"அந்த போட்டோவை வெட்டு."

"அம்மா, உட்காருங்க."

"உட்கார வரலை. யாரைக் கேட்டு என் தம்பி மூஞ்சியை அங்கே ஒட்டினே?"

அவன் கணினியில் எதையோ தேடி எடுத்து ஓடவிட்டான். படத்தில் சேர்க்காத துண்டு. சின்னவள் உட்கார்ந்திருக்கிறாள். "எந்த மாமா?" என்று படக்காரனின் குரல் கேட்கிறது. சின்னவள் திரும்பிப் பார்க்கிறாள். பிறகு கையை நீட்டிச் சுவரைக் காட்டுகிறாள். கேமரா திரும்புகிறது. குடும்பப் படம். அவள் விரல் தம்பியிடம் போய் நிற்கிறது.

கண்ணாடிக்காரி நாற்காலியை இழுத்தாள். அவன் சொன்ன மாதிரியே உட்கார்ந்துவிட்டாள்.

"நான் இட்டுக்கட்டலை, அம்மா" என்றான்.

"தெரு கடைசியில நான் இருக்கேன். ஒரு வார்த்தை என்கிட்ட வந்து கேட்டிருக்கலாமே."

"கேட்டிருந்தா வெட்டச் சொல்லியிருப்பீங்க."

"ஆமா, சொல்லியிருப்பேன். ஒருத்தன் குடியைக் கெடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு பேரைக் கேக்கறது உங்க தொழில்ல இல்லையா? நான் கண்ணாடி வெட்டறதுக்கு முன்னாடி ஜன்னலை ரெண்டு தடவை அளக்கறேன். நீ ஒரு மனுஷனை ஒரு தடவை கூட அளக்கலை." திட்டிக்கொண்டேதான் இருந்தாள். ஆனால் மனசு அங்கே இல்லை. உள்ளறைக்கு ஓடுகிற சின்னவளும், பெட்டியோடு கிடந்த ஷூவும் வரிசையாக வந்து நின்றன. கூச்சமாம். எவ்வளவு மடத்தனம்.

அடுத்த பஸ்ஸிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனாள். சின்னவள் வெள்ளைக் கோட்டோடு வராந்தாவுக்கு வந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது.

"சொன்னேன்தான். அதுக்கென்ன இப்போ?" என்றாள். "நீதான் உன் தம்பியை விட்டுக்கொடுக்க மாட்டியே. அப்பாவைக் கொண்டுபோனவனுக்கே சோறு போட்டுட்டிருந்தே. நான் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன்."

"என்னடி பார்த்தே?"

"மேசைக்கு அடியில இருந்தேன். மாமா வந்திருக்காங்க, சத்தம் போடாதேன்னு நீதான் என்னைத் தள்ளினே. காக்கி பேண்ட் தெரிஞ்சுது. அப்பா செருப்பு போச்சு. ரொம்ப நேரம் கழிச்சு நான் வெளியே வந்தப்போ அதே காக்கி பேண்ட்டோட அவர் கடை நடுவுல நின்னுட்டிருந்தார். நீ அவரைப் பிடிச்சுக்கிட்டு அழுதே."

லாரி ஓட்டுகிறவனுக்குக் காக்கிதான் உடுப்பு. சேதி கேட்டதும் லாரியைப் பாதி வழியில் போட்டுவிட்டு ஓடி வந்தவன் அவன். கண்ணாடிக்காரி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து மாமாவின் அர்த்தத்தைச் சொன்னாள். மூத்தவனுக்குச் சொல்லிப் பழக்கியது, சின்னவளுக்குத் தனியாகச் சொல்ல மறந்தது, எல்லாவற்றையும். குழந்தை தானாகப் புரிந்துகொள்ளும் என்று நினைத்தாளாம். கண்ணாடிக்காரிக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. தன் மேல் பாதி. மீதி, ஒரு நல்ல உறவுமுறைச் சொல்லை எடுத்துக் கொலைகாரர்களுக்கு வைக்க வேண்டிய நிலைக்கு ஊரைக் கொண்டுவந்து நிறுத்தியவர்கள் மேல். அவர்களில் ஒருவனைக்கூட யாரும் படம் எடுக்கவில்லை. அவர்கள் வேன் ஓட்டினால் பிள்ளைகளை ஏற்றிவிட யாரும் யோசிக்கவும் மாட்டார்கள்.

சின்னவள் கோட்டைக் கழற்றி மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். "அவர் வீட்டுக்குப் போகலாம்" என்றாள். அப்போதுகூட மாமா வீடு என்று வாயில் வரவில்லை.

பஸ்ஸில் போகும்போது படக்காரனைப் போனில் கூப்பிட்டு, சின்னவள் வாயாலேயே நடந்ததைச் சொல்ல வைத்தாள் கண்ணாடிக்காரி. அவன் கேட்டுவிட்டு மன்னிப்புக் கேட்டான். அந்த இடத்தை நாளைக்கே மாற்றிவிடுவதாகவும் சொன்னான். அதோடு நிறுத்தியிருக்கலாம். "நீங்க ரெண்டு பேரும் அவரைப் பார்க்கப் போறப்போ நானும் கேமராவோட வரட்டுமா? படத்துக்கு இதைவிட நல்ல முடிவு கிடைக்காது" என்றான். கண்ணாடிக்காரி சின்னவளிடமிருந்து போனைப் பிடுங்கினாள். "தெரு முனையில உன் கேமராவைப் பார்த்தேன்னு வை, கட்டரோட வருவேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள். முன் இருக்கையிலிருந்தவர் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் ஒரு முறைப்பு கிடைத்தது.

தம்பி வாசலில் வேன் டயரைத் துடைத்துக்கொண்டிருந்தான். அக்காவைப் பார்த்தான், பின்னால் நின்றவளைப் பார்த்தான், துணியைக் கீழே போட்டான். கண்ணாடிக்காரி மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள்.  கேட்டு முடித்ததும் அவன் முகம் கடுகடுத்தது. அந்த மாதிரி முகத்தை அக்கா அவனிடம் பார்த்ததே இல்லை.

"குழந்தையில என்னத்தையோ பார்த்துப் பயந்தே, சரி" என்றான் சின்னவளிடம். "அப்புறம் வளர்ந்தே இல்ல? படிச்சே, வேலைக்குப் போனே. வெளியூர்க்காரன் எவனோ கேட்டதும் சுவரைக் கைகாட்டத் தெரிஞ்சுது. நேரா வந்து நீதானான்னு என்கிட்ட ஒரு தடவை கேக்கத் தெரியலையா? செருப்பால அடிச்சுக் கேட்டிருந்தாக்கூட வாங்கிட்டிருப்பேனே."

"வந்திருக்கேன்" என்றாள் சின்னவள். "கேக்கணும்னு இந்த வாசல் வரைக்கும் எத்தனையோ தடவை வந்திருக்கேன்."

"வந்து?"

"கேட்டா என்னையும் கூட்டிட்டுப் போயிடுவீங்கன்னு பயமா இருந்துச்சு."

தினமும் ஊர்ப்பட்ட பேருக்கு ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறவள், இருபத்தைந்து வயசு தாண்டியவள், தலையைக் குனிந்துகொண்டு இதைச் சொன்னாள். கண்ணாடிக்காரிக்கு யாரையாவது திட்டவேண்டும் போல இருந்தது. அங்கே திட்டுவதற்கு ஆள் இல்லை.

தம்பியின் கோபம் அப்படியே வடிந்துபோனது. "அட பைத்தியமே" என்று கையை நீட்டிக்கொண்டு அவள் பக்கம் ஒரு அடி வைத்தான். எல்லாம் தெரிந்த பிறகும், அவளையும் அறியாமல், சின்னவள் ஒரு அடி பின்னால் போனாள். அதைப் பார்த்ததும் அவன் நீட்டிய கையை எடுத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றுவிட்டான்.