கணக்கை மீறி இளைத்த உடம்பு

பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை விட்டுப் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. வில்லியனூரில் நான் ஜவுளிக்கடை வைத்திருந்தேன். ரத்தக் கொதிப்புக்காக உடம்பைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். கடையில் உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கு ஒரு நாளில் எத்தனை கலோரி செலவாகும் என்று ஒரு பத்திரிகையில் போட்டிருந்தார்கள். அதை வைத்துச் சோற்றைக் குறைத்தேன். காலையில் ஆற்றங்கரை வரை நடந்தேன்.

மாதக் கடைசியில் நெல் மண்டித் தராசில் ஏறினேன். கணக்குப்படி குறைய வேண்டியதைப் போல இரண்டு மடங்கு குறைந்திருந்தது. என் அண்ணன் காசநோயில் போனவர். அவரும் இப்படித்தான் இளைத்தார். யாரிடமும் சொல்லாமல் என் டம்ளரைத் தனியாக வைத்தேன். மகளைத் தூக்குவதை நிறுத்தினேன்.

"கொழந்த கைய நீட்டுது, நீங்க இன்னா எட்டி எட்டிப் போறீங்க?" என்று கேட்டாள் மனைவி. நான் விஷயத்தைச் சொன்னதும் அழுதுவிட்டாள். மறுநாளே குழந்தையையும் தூக்கிக்கொண்டு என்னை டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர், "நெஞ்சு சுத்தமா இருக்கு," என்றார். நான் கலோரிக் கணக்கைச் சொன்னேன்.

"அது குத்துமதிப்புப்பா. ஆளுக்கு ஆள் மாறும். நாள்பூரா துணி மூட்டைய ஏத்தி எறக்கறியே, அத யாரு சேத்தா? மொதல்ல கொறையறதுல தண்ணியும் நெறய போவும்."

வெளியே வந்ததும் மனைவி மகளை என் தோளில் போட்டாள். பஸ் வரும்வரை நான் இறக்கிவிடவில்லை.

இன்றைக்கும் எடை பார்க்கிறேன். எண் ஒத்துவராவிட்டால் முதலில் கணக்கைச் சந்தேகப்படுவேன். அப்படியும் பயம் போகாவிட்டால், அன்றைக்கே வீட்டில் சொல்லிவிடுவேன்.