வாசித்துக் காட்டாமல் அச்சில் ஏற்றாதவர்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. அவருடைய வாழ்க்கையை எழுத எனக்குத் தகுதி உண்டா என்று எனக்கே சந்தேகம்தான். அவரோடு மூன்று வருடம் பேசாமல் இருந்தவன் நான். இருந்தாலும் "நீதான் எழுதணும்" என்று அண்ணி சொல்லிவிட்டார்கள். அண்ணி சொன்னால் எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது.

அண்ணன் பிறந்தது திருவாலங்காட்டுக்குப் பக்கத்தில். நைனாவுக்கு (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) கரும்பு அரைக்கும் மாதங்களில் சர்க்கரை ஆலையில் வேலை. மற்ற மாதங்களில் சொந்த நிலத்தில் கொஞ்சம் நெல். அண்ணன் பத்தாவது படிக்கும்போது நைனா கால் முறிந்து படுத்தார். பரீட்சை எழுதிய கையோடு அண்ணன் அரக்கோணத்தில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் வேலையில் சேர்ந்தார். என்னைப் படிக்க வைத்தது அந்தச் சம்பளம்தான். கல்யாணம் ஆன பிறகும் என் படிப்புக்குப் பணம் கொடுப்பதை அண்ணன் விடவில்லை. அண்ணியும் விடச் சொல்லவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அண்ணன் திருத்தணியில் சொந்த அச்சகம் வைத்தார். மலைக்குப் போகும் சாலையில் ஒற்றை அறை, ஒரு மெஷின், வெளியே ஒரு நீள பெஞ்சு. எங்கள் ஊரில் முகூர்த்த நாளில் மலைமேல் எத்தனை கல்யாணம் நடக்கும் என்பது உங்களுக்கே தெரியும். சென்னையிலிருந்தும் நகரி, புத்தூர் பக்கமிருந்தும் ஆட்கள் வருவார்கள். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் தெலுங்கு என்று பத்திரிகை கேட்பார்கள். அண்ணன் இரண்டையும் பிழையில்லாமல் அடித்துக் கொடுப்பார்.

ஆனால் அவர் பெயர் வாங்கியது அச்சுக்காக அல்ல. பிழை பார்ப்பதற்கான புரூஃப் தயாரானதும் பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பேரையும் வரவழைத்து அந்தப் பெஞ்சில் உட்கார வைப்பார். மேலே போட்டிருக்கும் சாமி பெயரிலிருந்து கீழே உள்ள மண்டபத்து விலாசம் வரை உரக்க வாசிப்பார். தாய்மாமன், பெரியப்பா, சித்தப்பா, அத்தை என்று ஒவ்வொரு பெயரையும் நிறுத்தி நிதானமாகச் சொல்வார். முடித்துவிட்டு, "யார்னா விட்டுப்போச்சா?" என்று கேட்பார். எல்லாரும் "இல்லீங்க, சரியா இருக்குது" என்பார்கள். அத்தோடு விடமாட்டார். கூட்டத்தில் வாயே திறக்காமல் ஓரமாக நிற்கும் ஒருவரைப் பார்த்து, "நீங்க சொல்லுங்கம்மா" என்பார். அந்த அம்மாள் தயங்கித் தயங்கி ஒரு பெயரைச் சொல்வார். பத்துக்கு நாலு தரம் அது நிஜமாகவே விட்டுப்போன பெயராக இருக்கும். "பேசறவங்க அவங்க பேர சேத்துக்குவாங்க. பேசாம நிக்கிறவங்கள நாமதான் கேக்கணும்" என்பது அண்ணனின் வழக்கம். அவர் அப்படிக் கேட்டதால் மூளாமல் போன சண்டைகள் எத்தனையோ.

நான் சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தேன். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் எங்கள் கம்பெனியை மூடினார்கள். ஊருக்கு வந்தவன் சும்மா இருக்காமல், அச்சகத்தை ஆன்லைனில் கொண்டுபோகலாம் என்று அண்ணனைப் பிடித்துக்கொண்டேன். வீணான தாளின் பின்பக்கத்தில் மூன்று வழிகளை எழுதிக் காட்டினேன். முதல் வழி, வெப்சைட்டில் மாதிரிகளை மட்டும் காட்டுவது. பிடித்தவர் கடைக்கு வந்து ஆர்டர் கொடுக்கலாம். இரண்டாவது, நம்முடைய டிசைன்களை மற்ற ஊர் அச்சகங்களுக்குக் கொடுத்து மாதாமாதம் சந்தா வாங்குவது. மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. வாடிக்கையாளர் தானே வெப்சைட்டில் டைப் செய்து, தானே சரிபார்த்து, வங்கியில் பணம் கட்டிவிட வேண்டியது. நாம் அச்சடித்து கூரியரில் அனுப்பிவிட வேண்டியது. ஆள் வேண்டாம், பெஞ்சு வேண்டாம்.

முதல் வழியைக் கேட்டு, "அதுக்கு ஒரு போர்டு போதுமே" என்றார் அண்ணன். இரண்டாவதைக் கேட்டு, "நம்ம வேல அச்சடிக்கறதா, வாடக வாங்கறதா?" என்றார். மூன்றாவதைக் கேட்டதும் தாளை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தார்.

"யாருடா வாசிச்சுக் காட்டறது?"

"அவங்களே படிச்சுக்குவாங்கண்ணா."

"அவங்களே படிச்சா அவங்க மனசுல இருக்கறதுதான் கண்ணுக்குத் தெரியும். தாள்ல இருக்கறது தெரியாது."

அப்படிச் சொன்னவர் சம்மதிக்கவும் செய்தார். எனக்கு வேலை போயிருந்ததால்தான் சம்மதித்தார் என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை. என் திட்டத்தின் அருமையைக் கண்டு ஒத்துக்கொண்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆர்டர்கள் வந்தன. பெங்களூரிலிருந்தும் ஹைதராபாத்திலிருந்தும்கூட வந்தன. நான் அப்போது தரையில் நடக்கவில்லை என்று அண்ணி இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஆவணி முகூர்த்தத்துக்கு முந்தைய வாரம் நகரிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் கடைக்கு வந்தார். கையில் நாங்கள் அச்சடித்த பத்திரிகை. மணப்பெண்ணுக்கு அவர் பெரியப்பா. பெண்ணின் தகப்பனார் சின்ன வயதிலேயே இறந்துபோக, அவளை வளர்த்தவர் இவர்தான். வெப்சைட்டில் டைப் செய்தது பெங்களூரில் இருந்த மாப்பிள்ளைப் பையன். அவனுக்குத் தெரிந்த பெயர்களை எல்லாம் போட்டிருந்தான்.

பெரியவர் கோபப்படவில்லை. பத்திரிகையை மேஜைமேல் விரித்து, "நாலு வயசுல இருந்து நான்தான் வளத்தேன். இதுல நான் எங்க இருக்கறேன், பாபு?" என்று கேட்டார்.

நான் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினேன். "பாருங்க, அவங்க அனுப்பினதத்தான் அடிச்சிருக்கோம். விடுபட்டதுக்கு அச்சகம் பொறுப்பு இல்லன்னு இங்கயே போட்டிருக்கோம்" என்றேன். சொன்னது அத்தனையும் உண்மை. இன்று நினைத்தாலும் கூசுகிறது.

அண்ணன் உள்ளேயிருந்து வந்தார். பெரியவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். அன்றைக்கே புதிதாகப் புரூஃப் எடுத்து, தானே எடுத்துக்கொண்டு பெண் வீட்டுக்குப் போனார். இரண்டு வீட்டாரையும் வைத்து, வழக்கம்போல முதலிலிருந்து வாசித்தார், பிறகுதான் அச்சடித்தார். பெரியப்பா கன்னிகாதானம் செய்து கொடுக்க, கல்யாணம் மலைமேல் நல்லபடியாக நடந்தது.

மறுநாள் அந்த மூன்றாவது வழியை நிறுத்தச் சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு வீட்டில் நடந்த தப்புக்காக நல்ல வியாபாரத்தை மூடுவதா என்று கத்தினேன்.

"பொறுப்பு இல்லன்னு எழுதி வெச்சுட்டு கட நடத்த எனக்குத் தெரியாதுடா" என்றார்.

"உங்களுக்கு வியாபாரமே தெரியலண்ணா. ஆயுசுக்கும் இந்தப் பெஞ்சுலயே உக்காந்துகினு இருங்க!" என்றேன். என்னைப் படிக்க வைத்தவரிடம் நான் சொன்ன வார்த்தை இது. வெப்சைட்டை மூடிவிட்டுச் சென்னைக்குப் போய் வேறு வேலையில் சேர்ந்தேன். பொங்கலுக்கு அண்ணி போன் செய்வார்கள். நான் அண்ணனை விசாரிக்க மாட்டேன். அவர்களும் போனை அவரிடம் கொடுக்க மாட்டார்கள்.

மூன்று வருடம் இப்படியே போயிற்று. பிறகு அண்ணன் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமான செய்தி அண்ணி மூலம் வந்தது. சந்தோஷத்தைவிட பயம்தான் எனக்கு அதிகம். பத்திரிகையில் என் பெயர் இருக்குமா? "அவன் பேர எடுத்துடுங்க" என்று எங்கள் கடைக்கு வந்து சொன்ன எத்தனையோ அண்ணன் தம்பிகளை நான் பார்த்தவன். ஒரு வரப்புத் தகராறு போதும், ஒரு சித்தப்பா பத்திரிகையிலிருந்து காணாமல் போய்விடுவார். நான் சொன்ன வார்த்தை அதைவிடப் பெரியது. "நீங்களே ஒரு போன் போட்டுப் பேசிடுங்களேன்" என்று என் மனைவி தினமும் சொன்னாள். தினமும் போனை எடுத்து, தினமும் வைத்தேன்.

ஒரு மத்தியானம் ஆபீசில் இருக்கும்போது போன் வந்தது. ஹலோ இல்லை, எப்படி இருக்கிறாய் இல்லை. அண்ணன் குரல் நேராக வாசிக்க ஆரம்பித்தது. முருகன் துணை. நாள், நட்சத்திரம், லக்னம். பெண் பெயர், மாப்பிள்ளை பெயர், இரண்டு பக்கத்துப் பெரியவர்கள் பெயர். கடைக்கு வந்தவர்களுக்கு வாசித்த அதே நிதானம். கடைசியில் தங்கள் நல்வரவை விரும்புவோர் வரிசைக்கு வந்தார். முதல் பெயராக என் பெயரையும் என் மனைவி பெயரையும் வாசித்தார், பக்கத்தில் சித்தப்பா சித்தி என்று. மண்டபத்து விலாசத்தையும் முடித்துவிட்டு, "யார்னா விட்டுப்போச்சா?" என்றார்.

போனைக் காதோடு அழுத்திக்கொண்டு ஆபீஸ் வராந்தாவுக்கு வந்தேன்.

"பேசாம இருக்கறவங்களத்தான் நான் கேப்பேன். சொல்லுடா."

"பின்கோடு தப்புண்ணா" என்றேன். அதற்குமேல் அழுகைதான்.

"ஆங், அதுக்குத்தான் ஒனக்கு வாசிச்சேன்" என்றார் அண்ணன்.

அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு வெப்சைட்டை மறுபடி திறந்தோம். இந்த முறை நாலாவது வழி. அந்த போனிலிருந்து எனக்குத் தோன்றிய வழி அது. ஆர்டர் ஆன்லைனில் வரட்டும். ஆனால் ஆர்டர் கொடுப்பவர் இரண்டு போன் நம்பர் தந்தே ஆகவேண்டும், பெண் வீட்டில் ஒன்று, மாப்பிள்ளை வீட்டில் ஒன்று. இரண்டு வீட்டுக்கும் போனில் முழுவதும் வாசித்துக் காட்டி, அவர்கள் சரி என்ற பிறகுதான் பணம் வாங்குவோம், பிறகுதான் மெஷின் ஓடும். இந்த வேலைக்கென்றே பக்கத்து ஊரான கே.ஜி.கண்டிகையிலிருந்து தமிழும் தெலுங்கும் நன்றாக வாசிக்கும் இரண்டு பெண்களைச் சேர்த்தோம். அவர்களுக்கு அண்ணன் சொல்லிக் கொடுத்தது ஒன்றே ஒன்று: "பின்னாடி யார்னா நடமாடற சத்தம் கேட்டா, அவங்க கையில போன குடுக்கச் சொல்லும்மா."

அப்படிச் செய்ததால் பத்திரிகை விலையை ஏற்ற வேண்டியிருந்தது. அண்ணன் முணுமுணுத்தார், நான் விடவில்லை. மூன்றாவது வழியில் இன்னும் அதிகம் சம்பாதித்திருப்போம் என்று இன்றும் சொல்வேன், அந்த விஷயத்தில் என் கணிப்பு தப்பில்லை. ஆனால் ஒரு வீட்டில் கல்யாணம் முடிந்ததும் அவர்கள் சொந்தத்தில் அடுத்த கல்யாணமும் எங்களைத் தேடி வந்தது. பெரிய விளம்பரம் எதுவும் நாங்கள் செய்யவில்லை.

அண்ணனுக்கு இருதயக் கோளாறு என்று தெரிந்தபோது நோய் முற்றிவிட்டிருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் புரூஃபைக் கேட்டார். டாக்டர் திட்டினார், திட்டிவிட்டு தன் மகன் கல்யாணப் பத்திரிகையை அவரிடமே கொடுத்தார். போவதற்கு முதல் நாள் சாயந்திரம் என் கையைப் பிடித்துக்கொண்டே வெகுநேரம் இருந்தார். நான் சொன்ன அந்த வார்த்தைக்கு அன்றைக்குத்தான் மன்னிப்புக் கேட்டேன். "எந்த வார்த்த?" என்றார். மறந்திருக்க மாட்டார்.

அந்த நாட்களில் ரத்தம் கொடுத்த நண்பர்களுக்கும், அரக்கோணத்திலிருந்து தினமும் சாப்பாடு கொண்டுவந்த சம்பந்தி வீட்டாருக்கும், கடையை ஒரு நாளும் மூடவிடாமல் பார்த்துக்கொண்ட வாசிக்கும் பெண்கள் இருவருக்கும், காரியத்துக்கு நகரியிலிருந்து வந்து முன்வரிசையில் நின்ற அந்தப் பெரியப்பாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இந்த மலரின் புரூஃபை வீட்டில் எல்லாரையும் உட்கார வைத்து அண்ணன் மகள்தான் வாசித்தாள். கடைசியில் இருக்கும் குடும்பத்தார் பெயர்வரிசை வரை வாசித்துவிட்டு, அப்பாவைப் போலவே, "யார்னா விட்டுப்போச்சா?" என்று கேட்டாள். இல்லை என்றார்கள் எல்லாரும். அண்ணி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. மகள் அம்மா பக்கம் திரும்பினாள்.

"நீ சொல்லும்மா."

அண்ணி என்னைப் பார்த்தார்கள். "உன் பேரு எங்க தம்பி?"

டைப் செய்தவன் நான்தான், கைப்பிசகு என்றேன். அது பாதி உண்மை. அந்த வரிசையில் நிற்க எனக்கு மனம் வரவில்லை என்பது மீதி.

"அவரு வாசிச்சிருந்தா விட்டிருப்பாரா? போடு" என்றார்கள் அண்ணி. "புள்ளைங்களுக்கு மேல போடு."

போட்டுவிட்டேன், அண்ணா. அண்ணி பெயருக்கு அடுத்த பெயர் என்னுடையது. ஒருவரும் விட்டுப்போகவில்லை.