அல்போன்சம்மாவின் மகன் செத்த நாள்

எங்கள் ஊர் கரம்பொனில் அல்போன்சம்மாவைப் போல வாய்க்காரி வேறில்லை. புருசன் செத்த பிறகு அவருடைய மீன்பிடி வள்ளத்தை விற்று மகன் றெக்ஷனை இத்தாலிக்கு அனுப்பினவள். கடற்கரையெல்லாம் ஓடித் திரிந்த அவனோ, போனது போனதுதான். வருசா வருசம் கோவில் திருநாளுக்கு வருகிறேன் என்பான். கிட்ட வந்ததும் லீவு இல்லை என்பான். "பெத்தவளைப் பேய்க்காட்டி ஏமாத்துறதுக்கோ உனக்கு அங்கை சம்பளம் தாறாங்கள்?" என்று அவள் போனில் கத்துவது வேலிக்கு இந்தப் பக்கம் இருக்கிற எனக்கே மனப்பாடம். இந்த வருசமாவது அவன் வரவேண்டும், அவளுக்கு வேறொன்றும் வேண்டாம்.

போன மாசம் ஒரு காலை. அவள் கணவாய்க்கறி வைத்துக்கொண்டிருந்தபோது ஊர் முழுக்கப் போன்களில் ஒரு வீடியோ ஓடியது. ஒரு சேமக்காலை, கல்லறைச் சிலுவைகள், திறந்த சவப்பெட்டி. உள்ளே கோட்டுப் போட்டு, கையில் செபமாலையோடு றெக்ஷன். சுற்றி வெள்ளைக்காரர் அழுகிறார்கள். வெளிநாட்டுச் செத்தவீடுகளைப் போனில் பார்த்தே அழுது பழகின சனம் நாங்கள், விசாரிக்கவா போகிறோம்? பாரிசில் இருக்கிற அவளுடைய தங்கச்சி மாக்கிறேற், தமக்கைக்கு ஒரு போன் எடுத்துக் கேட்காமல், ஆத்துமா சாந்திக்கு மன்றாடுங்கோ என்று எல்லாருக்கும் அனுப்பிவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் முற்றம் நிறைந்துவிட்டது. முன்வீட்டு றோசம்மா நேராகக் குசினிக்குள் போய்க் கறிச்சட்டியை இறக்கி வைத்தாள். செத்தவீட்டில் அடுப்பு எரியக்கூடாதாம்.

"விடியக் காலமை என்னோடை கதைச்சவனடி! என்ன கறி எண்டு கேட்டவன்!" என்று கத்தினாள் அல்போன்சம்மா.

"பாவம், மனிசிக்குத் துக்கத்திலை அறிவு கலங்கிப் போச்சு," என்றாள் றோசம்மா.

"சட்டியை அடுப்பிலை வை!"

"ஓம் அக்கா, வைப்பம். நீங்கள் முதல் அழுங்கோ."

உலைவாயை மூடினாலும் ஊர்வாயை மூட ஏலாது. அவள் மகனுக்குப் போன் எடுத்தாள், அவன் எடுக்கவில்லை. அதோடு ஒப்பாரி இரண்டு மடங்கானது. கோவிலில் துக்க மணி அடிக்க ஓடின ஒருவனை, முதலில் விசாரிப்போம் என்று நான்தான் படலையில் மறித்தேன். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை.

கடைசியில் என் மகள் நிமலினிதான் முழு வீடியோவையும் தேடி எடுத்தாள். அது இத்தாலியில் ஒரு படப்பிடிப்பு. செத்தவர்கள் எழும்பி வருகிற பேய்ப் பகிடிப் படம். கல்யாண உடுப்போடு ஒரு செத்த பொம்பிளை சைக்கிளில் வந்தாள். ஒரு சவம் தன் தலையைக் கையில் பிடித்துக்கொண்டு அதோடு சண்டை போட்டது. மற்றதெல்லாம் காலை இழுத்து இழுத்து வந்தன, றெக்ஷனும்தான். அழுத கண்ணோடு முற்றமே விழுந்து விழுந்து சிரித்தது.

"செத்துக் காட்ட லீவு இருக்கு, தாயைப் பாக்க இல்லையோ? எடுக்கட்டும் போனை, கிழிக்கிறன்!" என்றாள் அல்போன்சம்மா.

வீடியோ இன்னும் முடியவில்லை. யாரோ 'கட்' என்று கத்த, படப்பிடிப்பு நின்றது. சவங்களெல்லாம் சிரித்துக் கதைத்தபடி நேராக நடந்து கோப்பி குடிக்கப் போயின. றெக்ஷன் மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு, வலது காலை இழுத்து இழுத்து, எல்லாருக்கும் பின்னால் போனான்.

"திருப்பிப் போடு பிள்ளை," என்றாள் அல்போன்சம்மா. நிமலினி திருப்பிப் போட்டாள். ஒருவரும் சிரிக்கவில்லை.

அப்போது அவளுடைய போன் அடித்தது. திரை முழுக்க றெக்ஷனின் முகம்.

"அம்மா, எடுத்தனீங்களோ? வேலையிலை நிண்டனான்."

கிழிக்கப்போகிறாள் என்று பார்த்துக்கொண்டு நின்றோம்.

"போனை எங்கையாவது சாத்தி வைச்சிட்டு, எழும்பி நடந்து காட்டு ராசா," என்றாள்.