பத்தாயிரத்து ஒன்று

நேற்று பாறசாலையிலிருந்து வீடு திரும்பும்போது, நான் ஏறிவந்த ஆட்டோவின் கிலோமீட்டர் முள்ளருகே 10001 என்ற எண்ணைப் பார்த்தேன். அறுபது, எழுபது வருடங்கள் ஒரே நொடியில் பின்னால் போயின.

எங்கள் ஊர்களைத் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்டு எல்லைப் போராட்டம் நடந்த வருடம் அது. பள்ளியில் தமிழ் வகுப்பை மூடி, எங்களை மலையாள வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். கணக்கு சார் எங்களிடம் எதுவும் கேட்பதே இல்லை. ஒரு நாள் அவர் போர்டில் 10001 என்று எழுதி, "இது அபாஜ்யமாணு" என்றார்.

"அப்பிடீண்ணா என்னட்டி?" என்று பக்கத்தில் இருந்த ரோசம்மாளிடம் கேட்டேன்.

"பகா எண்ணாக்கும். வேற ஒண்ணாலயும் வகுபடாது."

எனக்குச் சந்தேகம். மூன்றில் தொடங்கி ஒவ்வொரு பகா எண்ணாக நோட்டில் வகுத்தேன். எழுபத்தொன்று வரை மீதி வந்தது. எழுபத்துமூன்றில் மீதியே இல்லை.

எழுந்தேன். ரோசம்மாள் என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். "இரிட்டி, சார் அடிப்பாரு!"

"சாரே, இது வகுபடும். எழுபத்துமூணும் நூத்திமுப்பத்தேழும் சாரே."

முன் பெஞ்சுகள் சிரித்தன. சார் அந்த இரண்டு எண்களையும் போர்டில் பெருக்கினார். விடை வந்ததும் சிரிப்பு அடங்கியது. அவர் சாக்பீஸை என்னிடம் நீட்டினார்.

"எனக்குத்தான் தெற்றிப்போச்சு. வா மக்கா, இவங்களுக்குச் சொல்லிக்கொடு. உனக்குத் தெரிஞ்ச தமிழ்லயே சொல்லு."

சொன்னேன். ஒரு எண்ணையும் விடாமல் சொன்னேன். முன் பெஞ்சில் சிரித்தவர்கள் அத்தனை பேரும் குனிந்து எழுதிக்கொண்டார்கள்.