இரண்டு டேப், ஒரே லாகின்

ராயபுரம் கல்மண்டபம் பக்கம், ஏற்றுமதிச் சரக்குக்குத் துறைமுக, கஸ்டம்ஸ் வேலைகளைப் பார்த்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் இருபத்தெட்டு வருடம் டாகுமென்டேஷன் பார்த்தவள் நான். டைப்ரைட்டரில் ஆரம்பித்து வெப் பிரவுசரில் முடித்தேன். எங்கள் ஆபீசுக்கு நான் ஒரு பிரவுசர் தேர்ந்தெடுத்ததும், அதனால் ஒரு மனிதரின் வேலைக்கு ஆபத்து வந்ததும்தான் இந்தக் குறிப்பு. இப்போது இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் படித்தால் போதும். மற்றவர்கள் படித்துவிட்டு என்னைத் திட்டினாலும் சரி.

1. கேட்டிலிருந்து வந்த போன்

வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணி. டிரெய்லர் ஓட்டும் செல்வம் துறைமுக கேட்டிலிருந்து கூப்பிட்டார். இரண்டு மணி நேரம் வரிசையில் ஊர்ந்து, அப்போதுதான் கேட்டைத் தொட்டிருந்தார்.

"மேரிக்கா, ஸ்லிப்புல வேற பார்ட்டி பேரு கீது. பெட்டி எறா பார்ட்டிது, பேரு தோல் பார்ட்டிது. உள்ள வுட மாட்டேன்றாங்க. பின்னாடி வண்டிக்காரன்லாம் கத்திகினு கீறான்."

பெட்டி என்றால் கன்டெய்னர். பார்ட்டி என்றால் எங்களிடம் வேலை கொடுக்கும் ஏற்றுமதியாளர். கன்டெய்னர் துறைமுகத்துக்குள் நுழைய கேட் ஸ்லிப் வேண்டும். அதற்கென்று இருக்கும் இணையதளத்தில், அந்தந்தப் பார்ட்டியின் லாகினில் போய் அதை எடுக்க வேண்டும். கப்பலுக்கு கட் ஆஃப் என்று ஒரு நேரம் உண்டு. அதற்குள் பெட்டி உள்ளே போகாவிட்டால் ஷட் அவுட். கப்பல் அதை விட்டுவிட்டுப் போய்விடும். அன்றைக்கு கட் ஆஃப் மாலை ஆறு மணி. பெட்டிக்குள் இருந்தது உறைய வைத்த இறால்.

தப்பான ஸ்லிப்பை ரத்து செய்து, நானே புதிதாகப் போட்டு, செல்வத்துக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பதினொன்றரைக்குப் பெட்டி உள்ளே போய்விட்டது. ஆனால் அந்த மாதத்தில் இப்படி நடப்பது அது மூன்றாவது முறை. மூன்று ஸ்லிப்பையும் போட்டவர் காதர் பாய்.

காதர் பாய் பழைய வண்ணாரப்பேட்டைக்காரர். என்னைவிட நான்கு வயது பெரியவர், சர்வீசிலும் சீனியர். கேட் ஸ்லிப் முழுக்க அவர் பொறுப்பு. இரண்டே விரலால் டைப் அடிப்பார், ஆனால் அதற்கு முன் அத்தனை வருடத்தில் அவர் போட்ட ஸ்லிப் ஒன்றுகூட திரும்பி வந்ததில்லை. இரண்டு மாதத்துக்கு முன்பு அவருக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்திருந்தது. அதனால் யாரும் யோசிக்கவே இல்லை. பாய்க்குக் கண் போச்சு என்று ஆபீசே முடிவு கட்டிவிட்டது.

எங்கள் முதலாளி ரத்தினம் சார் திருவொற்றியூர்க்காரர். கோபக்காரர் என்று சொல்ல முடியாது. கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும், அதுதான் பயமாக இருக்கும். அன்றைக்கு அந்தக் குரலில்தான் பேசினார்.

"பாய், உங்களாண்ட இப்டி பேச எனக்கே கஷ்டமா கீது. ஆனா இது மூணாவது தபா. கண்ணு ஒத்துக்கலன்னா உட்ருங்க. திங்கக்கெழமலேந்து நான் வேற ஆள வச்சிக்கறேன்."

காதர் பாய் எதிர்த்துப் பேசவில்லை. "மூணு தபா பாத்துட்டுதான் சார் போட்டேன்," என்று மட்டும் சொன்னார். அதைச் சொல்லும்போதே அவருக்கு அதில் நம்பிக்கை இல்லை என்று தெரிந்தது. ஜும்மா தொழுகைக்குக் கிளம்பிப் போனவர், அங்கிருந்து போன் செய்து அப்படியே வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டார்.

2. நான் பிரவுசர் பார்த்த கதை

இதற்கு ஒரு மாதம் முன்புவரை எங்கள் கம்ப்யூட்டர்களில் இருந்தது ஒரு பழைய பிரவுசர். அதிலும் டேப் இருந்தது, ஆனால் நாங்கள் யாரும் அதைத் தொட்டதில்லை. ஒரு பார்ட்டிக்கு ஒரு விண்டோ என்பது எங்கள் ஆபீஸ் வழக்கம். அந்த விண்டோவையும் சும்மா திறக்கக் கூடாது. ஃபைல் மெனுவுக்குள் போய், 'நியூ செஷன்' என்று இருப்பதை அழுத்தித்தான் திறக்க வேண்டும். எந்தக் காலத்திலோ வந்த ஒரு சர்வீஸ் இன்ஜினியர் சொல்லிவிட்டுப் போனது. ஏன் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவது போல அதுவும் ஒரு பழக்கமாகிவிட்டது.

பிறகு ஒவ்வொரு தளமாக, உங்கள் பிரவுசர் பழையது, இனி வேலை செய்யாது என்று அறிவிப்பு காட்ட ஆரம்பித்தது. நல்லதாக ஒன்றைப் பார்த்துப் போடும்படி ரத்தினம் சார் என்னிடம் சொன்னார். நான் மூன்று பிரவுசர்களை என் கம்ப்யூட்டரில் இறக்கி, ஒரு வாரம் மாப்பிள்ளை பார்ப்பது போலப் பார்த்தேன். எந்தக் கம்பெனியுடையது என்று கேட்காதீர்கள், இன்றைக்கு எல்லாமே ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்று பார்க்க அழகாக இருந்தது, ஆனால் பிரின்ட் எடுத்தால் ஸ்லிப்பின் பார்கோடு ஓரத்தில் வெட்டுப்பட்டது. இன்னொன்று எங்கள் பழைய கம்ப்யூட்டருக்குப் பெரிய பாரம், திறப்பதற்குள் டீ ஆறிவிடும்.

மூன்றாவது எனக்குப் பிடித்துவிட்டது. எல்லாத் தளமும் ஒரே விண்டோவில், மேலே வரிசையாக டேப். தவறி மூடினால் திரும்பத் திறக்கலாம். கரன்ட் போய் வந்தால் விட்ட இடத்திலேயே எல்லா டேப்பும் வந்து நிற்கும். பாஸ்வேர்டு, முகவரி எல்லாம் தானே நிரப்பிக்கொள்ளும். புரொஃபைல் என்றும் ஒரு வசதி இருந்தது. வீட்டில் நாலு பேர் ஒரே கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு அடித்துக்கொள்ளாமல் இருப்பதற்கான சமாச்சாரம் போல என்று அதைத் தள்ளிவிட்டேன். அதைத்தான் நான் முதலில் பார்த்திருக்க வேண்டும்.

எல்லோருக்கும் போட்டுக் கொடுத்தேன். மேரி இல்லாவிட்டால் ஆபீஸ் ஓடாது என்று ரத்தினம் சார் நாலு பேர் எதிரில் சொன்னார். எனக்குத் தலை கொஞ்சம் கனத்தது. காதர் பாய் மட்டும் நியூ செஷன் எங்கே என்று தேடினார். புது பிரவுசரில் அந்தப் பெயரில் எதுவும் இல்லை. "அதெல்லாம் பழைய காலம் பாய், பிளஸ்ஸை அழுத்துங்க, டேப் வரும்," என்று நான் கேலி செய்தேன். அவரும் சிரித்துக்கொண்டு பிளஸ்ஸை அழுத்தினார்.

3. அவர் நாற்காலியில் நான்

பாய் போய்விட்டதால் மிச்சமிருந்த ஸ்லிப்களை நான்தான் போட வேண்டும். சாப்பிட்டுவிட்டு அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். என் வழக்கமான வேலை கஸ்டம்ஸ் தளத்தில், அதற்கு எங்கள் ஏஜென்சியின் ஒரே லாகின்தான். பார்ட்டிக்குப் பார்ட்டி லாகின் மாற்றும் வேலை அவருக்கு மட்டும்தான் இருந்தது. அதிலும் இரண்டு பார்ட்டியின் பெட்டிகள் ஒரே நாளில் போனால்தான் இரண்டையும் சேர்த்துத் திறந்து வைக்க வேண்டி வரும்.

அன்றைக்கு அப்படிப்பட்ட நாள். ஒரு டேப்பில் இறால் பார்ட்டியைத் திறந்தேன். செல்வத்தின் பெட்டிக்குப் பின்னால் இன்னொரு பெட்டி வர வேண்டியிருந்தது, அதன் நம்பருக்காகக் காத்திருந்தேன். சும்மா இருப்பானேன் என்று இன்னொரு டேப்பில் தோல் பார்ட்டியின் லாகினில் நுழைந்து ஒரு ஸ்லிப்பை முடித்தேன். அதற்குள் நம்பர் வந்தது. முதல் டேப்புக்குத் திரும்பினேன். மேல் மூலையில் இறால் பார்ட்டியின் பெயர் பளிச்சென்று இருந்தது. நம்பரை அடித்தேன், சரிபார்த்தேன், அனுப்பினேன்.

வந்த ஸ்லிப்பில் தோல் பார்ட்டியின் பெயர்.

எனக்குக் கண்ணில் ஒரு கோளாறும் கிடையாது. ரத்து செய்துவிட்டு, கடைசி பட்டனை அழுத்தும் முன்வரை அதையே இன்னொரு முறை செய்து பார்த்தேன். அதுவரை பெயர் மாறவே இல்லை. அப்படியானால், அனுப்பும்வரை பழைய பெயரைக் காட்டி, அனுப்பும்போது ஆளை மாற்றிவிடுகிறது. தோல் பார்ட்டியின் டேப்பை மூடிவிட்டு, இறால் பார்ட்டியில் மறுபடி லாகின் செய்து, சரியான ஸ்லிப்பை எடுத்து அனுப்பினேன்.

எங்கள் இப்போதைய சர்வீஸ் இன்ஜினியர் தினகரனுக்குப் போன் போட்டேன். அவர் எனக்குப் புரிகிற மாதிரி ஒரே உதாரணம் சொன்னார். "ஹார்பருக்குள்ள போறதுக்கு குடுக்கற பாஸ் மாதிரிதான்க்கா. நீங்க லாகின் பண்ணா சைட்டு ஒரு பாஸ் குடுக்கும். அத வச்சிக்கறது பிரவுசரு, டேப்பு இல்ல. எத்தினி டேப்பு தொறந்தாலும் ஒரே பாஸ்தான். ரெண்டாவது லாகின் பண்ணீங்கன்னா மொத பாஸ் அவுட்டு."

அப்படியானால் அந்தப் பழைய நியூ செஷன் எதற்கு என்று கேட்டேன். ஒவ்வொரு விண்டோவுக்கும் தனிப் பாஸ் கொடுக்கத்தான் என்றார். புது பிரவுசரில் அதே வேலையைச் செய்வது புரொஃபைல்தானாம்.

4. ஒரு டீ நேரம்

இதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். போனை வைத்ததும் நான் நேராக முதலாளியிடம் போகவில்லை. கீழே இறங்கி டீ குடித்தேன். புரொஃபைல் என்று ஒதுக்கினேனே, அதை பார்ட்டிக்கு ஒன்றாகப் போட்டுவிட்டால் பிரச்சினை அத்தோடு தீர்ந்தது. யாருக்கும் எதுவும் தெரியாது. திங்கட்கிழமை வருகிற புது ஆள் ஒழுங்காக வேலை பார்ப்பான். பாய்க்குக் கண்தான் காரணம் என்பது உறுதியாகிவிடும். என் பெயரும் கெடாது.

டீ முடிகிறவரை அந்த எண்ணம் இருந்தது. பிறகு என்மீதே எனக்கு அசிங்கமாக இருந்தது. டம்ளரை வைத்துவிட்டு மேலே ஏறினேன்.

ரத்தினம் சாரிடம், தப்பு பாயுடையது அல்ல, நான் கொண்டுவந்த பிரவுசரை நான் சரியாகப் புரிந்துகொள்ளாததால் வந்தது என்றேன். அவர் நம்பவில்லை. பாய்க்காக நான் பரிந்து பேசுகிறேன் என்று நினைத்தார். வாயால் சொல்லிப் பயனில்லை என்று அவர் கம்ப்யூட்டரிலேயே இரண்டு டேப்பில் இரண்டு பார்ட்டியையும் திறந்து, முதல் டேப்பில் அவரையே அடிக்கச் சொன்னேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பார்ட்டி பெயரை வாய்விட்டுப் படித்து, ஒரு பரீட்சை எழுதுகிற மாதிரி அடித்தார். பட்டனை அழுத்தினார். பெயர் மாறி வந்தது.

லாகினிலிருந்து ஆரம்பித்து இன்னொரு முறை அடித்தார். மறுபடியும் மாறியது. இரண்டு ஸ்லிப்பையும் ரத்து செய்யச் சொன்னார்.

"அப்ப நம்ம மூணு பேர் கண்ணும் போச்சுன்னு சொல்லு," என்றார். பிறகு குரல் வழக்கத்துக்கு வந்தது. "நான் பாய்கிட்ட பேசினது தப்பு. நீ போய் சொல்லிட்டு வா. எனக்கு இப்ப அவர் மூஞ்சப் பாக்க தைரியம் இல்ல."

5. வண்ணாரப்பேட்டையில்

ஐந்து மணிக்கு ஆட்டோ பிடித்தேன். பாய் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கண்ணைக் கையால் மூடிக்கொண்டு எதிர்க் கடையின் போர்டைப் படித்துக்கொண்டிருந்தார். பிறகு அடுத்த கண்ணை மூடிக்கொண்டு அதையே படித்தார். நான் வந்து நின்றதை அவர் கவனிக்கவில்லை. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

டேப், பாஸ், நியூ செஷன் எல்லாவற்றையும் சொன்னேன். பிளஸ்ஸை அழுத்தச் சொன்னதே நான்தான் என்பதையும் சொன்னேன். அவர் இரண்டு மூன்று கேள்வி கேட்டார். மூன்று ஸ்லிப்பும் இரண்டு பார்ட்டி சேர்ந்த நாளில்தான் தப்பானது என்பதை அவரே கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் திரும்பி உள்ளே பார்த்தார்.

"மேரி, இத எங்க வூட்லயும் ஒரு தபா சொல்லிடு. நான் சொன்னா, வேலைக்குப் போறதுக்காக பொய் சொல்றேன்னு நெனப்பாங்க."

அவர் மனைவி நூர்ஜஹான் கதவோரம் வந்து நின்றார். காதர் பாய் ஒரு மாதமாகப் பைக்கைத் தொடவில்லை என்பதும், ஆபரேஷன் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து டாக்டரிடம் போகவே பயந்தார் என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் முதலிலிருந்து மறுபடியும் சொன்னேன். இந்த முறை கம்ப்யூட்டரைப் பற்றி அதிகம் பேசவில்லை. "அவர் கண்ணு நல்லாதான் கீது. தப்பு என்னோடது," என்றேன்.

நூர்ஜஹான் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "மொதல்லயே வந்து சொல்லியிருந்தா இந்த ஒரு மாசமும் அவரு ராத்திரி தூங்கியிருப்பாரும்மா," என்றார். அவ்வளவுதான். டீ கொடுத்தார், குடித்தேன்.

6. திங்கட்கிழமையும் அதற்குப் பிறகும்

பிரவுசரை மாற்றவில்லை. அதே பிரவுசரில் பார்ட்டிக்கு ஒரு புரொஃபைல் போட்டோம். ஒவ்வொன்றும் தனி விண்டோ, தனி லாகின், மேலே தனி நிறம். நிறத்தைக் காதர் பாயே தேர்ந்தெடுத்தார். இறாலுக்கு ரோஸ், தோலுக்கு பிரவுன், கிரானைட்டுக்குச் சாம்பல். ரத்தினம் சார் அன்று காலை பாயின் மேசைக்கு வந்து, எல்லோர் எதிரிலும் மன்னிப்புக் கேட்டார். பாய் எழுந்து நின்று, அதெல்லாம் வேண்டாம் சார், பெட்டி நம்பர் வந்துகினு இருக்கு என்று அவரை அனுப்பிவிட்டார். அன்றைக்கும் இரண்டு பார்ட்டியின் பெட்டிகள். ஒரு ஸ்லிப்பும் தப்பாகவில்லை.

பிரவுசர் தேர்ந்தெடுக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். வேகம், டேப், தானே நிரப்பும் வசதி எல்லாம் பாருங்கள். அதற்கு முன்பு, உங்கள் ஆபீசில் பழைய பிரவுசரை யார் எப்படித் திறக்கிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அவர்கள் செய்கிற ஒரு வேண்டாத வேலை உங்களுக்குச் சிரிப்பாக இருந்தால், சிரிக்காமல் காரணத்தைத் தேடுங்கள். தப்பு நடந்தால் அது யார் நாற்காலி என்று கேட்பதற்கு முன்னால், அந்த நாற்காலியில் நீங்கள் ஒரு மணி நேரம் உட்காருங்கள். நான் ஒரு மாதம் தாமதமாக உட்கார்ந்தேன்.

போன வருடம் முழங்கால் வலி தாங்காமல் நான் வேலையை விட்டுவிட்டேன். காதர் பாய் இன்றைக்கும் பைக்கில்தான் ஆபீசுக்குப் போய் வருகிறார்.