சுவர்ப் பக்கம் திரும்பிய முகம்

எங்கள் வீட்டுத் தண்ணீர்க் குடத்தின் பக்கத்தில் தினமும் பிழிந்துபோட்ட எலுமிச்சம்பழத் தோல் கிடந்த காலம் ஒன்று உண்டு. சமையலுக்கு வாங்கிய பழம் இல்லை. என் வீட்டுக்காரர் கை கழுவ வாங்கியது. பழவேற்காடு ஏரியில் இறால் தடவிப் பிடிக்கிறவர் அவர். பறி என்கிற ஓலைக்கூடையைப் பல்லால் கவ்விக்கொண்டு, தண்ணீரில் உட்கார்ந்தபடி இரண்டு கையாலும் சேற்றைத் துழாவுவார். சிப்பி கிழித்த விரல்களில் எலுமிச்சைச் சாறு பட்டால் எப்படி எரியும்! கண்ணை மூடிக்கொண்டு தேய்ப்பார்.

எல்லாம் மகள் பிறந்த பிறகுதான். மல்லாக்கப் போட்டால் அவள் முகம் வலப்பக்கமே திரும்பும். அந்தப் பக்கம் நான், எனக்கு அப்பால் சுவர். இடப்பக்கம், வாசலை ஒட்டி, அவர். நான் எழுந்து போனாலும் சுவரையே பார்த்துக் கிடப்பாள். மத்தியானம் ஏரியிலிருந்து வந்து படுக்கிறவருக்குப் பின்மண்டைதான் தெரியும்.

"என் கை கவுச்சி அதுக்குப் புடிக்கல. என்னவிட சொவுரே மேல்னு கீது" என்றார் ஒருநாள். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து பிள்ளையைத் தூக்குவதையே விட்டுவிட்டார். தவமிருந்து பெற்ற பிள்ளையைத் தொடாமல் அவர் தள்ளிப் படுப்பதை என்னால் பார்க்க முடியவில்லை.

எடை பார்க்க வந்த நர்சம்மாவிடம் கொட்டித் தீர்த்தேன். அவர் இவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "பொறந்த கொழந்தைங்க முக்காவாசி வலப்பக்கந்தான்பா திரும்பும். கவுச்சிக்கும் அதுக்கும் இன்னா சம்பந்தம்? ஆனா ஒரே பக்கமா கெடந்தா தலை தட்டையாப் பூடும். நீ எடப்பக்கமே இருந்து பேசினே இரு, கொரல் கேட்டுத் திரும்பும்."

பேசுவதா, இவரா? பேசினால் முத்து உதிர்ந்துவிடும் என்றிருக்கிற கல்லுளிமங்கன். நாளெல்லாம் பறியைக் கவ்விய தாடை வேறு வலிக்கும். ஆனாலும் பேசினார். என்ன பேசுவது என்று தெரியாமல், அன்றைக்கு எந்தப் பக்கம் சேறு இறுகலாக இருந்தது, எத்தனை நண்டு கடித்தது என்று அந்தப் பின்மண்டையிடம் ஒப்பித்தார். கல்யாணமாகி நான்கு வருஷத்தில் என்னிடம் அவ்வளவு பேசியதில்லை. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

ஒரு மாதம் போயிருக்கும். ஒரு காலையில் அவர் ஏரிக்குப் போயிருந்தார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பிள்ளை மெதுவாகத் தலையை இடப்பக்கம் திருப்பினாள். அங்கே வெறும் பாய்தான் இருந்தது. அதையே பார்த்தாள். பிறகு உதட்டைப் பிதுக்கினாள்.

அவர் வந்ததும் சொன்னேன். "நானு இல்லாதப்பவா?" என்றார், முகம் வாடி.

"நீ இல்லன்னுதான்யா தேடுச்சு."

அவர் அப்படியே பாயில் உட்கார்ந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து அவள் சுவர்ப் பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருந்தாள். அவருக்குக் காட்டலாம் என்று தலையைத் திருப்பப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணெல்லாம் தண்ணீர்.

"வுடு, தூங்கட்டும். நானு எங்க கீறன்னு அதுக்குத் தெரியும்."