வேண்டாம் என்று சொல்ல ஓர் ஆள்

ஸ்ரீதேவியின் அரிசிம்பருப்பு பாக்கெட்டை வேண்டாம் என்று சொன்னவர் ஒருவர்கூட இல்லை. கேட்ட வீட்டிலெல்லாம் வாங்கினார்கள். வாங்கிய எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். போன் போட்டு மறுபடியும் கேட்டார்கள். கணவனைப் பறிகொடுத்த ஒரு பெண்ணுக்கு இதைவிட வேறு என்ன ஆறுதல் வேண்டும்? ஆனால் அவளுக்கு ஆறுதல் என்று எதுவும் தோன்றவில்லை. அவளுக்கு எதுவுமே தோன்றாமல் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

திருச்செங்கோட்டிலிருந்து சங்ககிரி போகும் சாலையை ஒட்டிய ஊர் அது. பாதி வீடுகளில் ஆண்கள் இருப்பதில்லை. ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் ரிக் லாரிகளோடு வடநாட்டுக்குப் போய்விடுவார்கள். அவள் கணவர் அன்பழகனும் அப்படிப் போனவர்தான். போன கோடையில், சத்தீஸ்கரில் ஒரு பொட்டல் காட்டில், இரும்பு ராடைத் தூக்கிக்கொண்டிருந்த கயிறு அறுந்தது. அவர் பெட்டியில் வீடு வந்து சேர்ந்தார்.

அன்று ஸ்ரீதேவி அழவில்லை. "அழுதுரு சாமி, அழுதுரு" என்று ஊர்ப் பெண்கள் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். அவளோ, வந்தவர்களுக்கெல்லாம் டீ கொடுத்தாயிற்றா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகும் அழுகை வரவில்லை. சோறு வாயில் போட்டால் மண்ணை மெல்லுவது போல இருந்தது. துக்கம் என்றால் இப்படித்தான் இருக்கும் போல என்று விழுங்கிவிடுவாள்.

அன்பழகன் போனில் அடிக்கடி சொன்ன ஒன்று மட்டும் அவள் காதிலேயே நின்றுவிட்டது. "ரொட்டியைத் தின்னு நாக்கு செத்துப் போச்சு புள்ள. நம்மூட்டு அரிசிம்பருப்பு ஒரு வாய் கெடைச்சாப் போதும்." அரிசியும் துவரம்பருப்பும் சேர்த்து, பூண்டும் மிளகாயும் தட்டிப் போட்டு ஒரே பாத்திரத்தில் பொங்கும் சோறு அது. அதையே உலர்ந்த பொருளாக, உப்பு உள்பட எல்லாம் அளந்து பாக்கெட்டில் போட்டுக் கொடுத்தால்? தண்ணீர் ஊற்றிக் குக்கரில் வைத்தால் போதும். வெளியூரில் கிடக்கும் எத்தனை அன்பழகன்கள் வாங்குவார்கள்!

கொழுந்தன் கதிர்வேல் உடனே குதித்துவிட்டார். "அண்ணி, என்ற காட்டோரத்துலயே ஷெட்டு போட்டரலாமுங்க. மிஷினுக்கு நான் சொல்லீர்றேன்." அன்பழகனின் உயிருக்கு ஈடாக வந்த இன்சூரன்ஸ் பணம் வங்கியில் இருந்தது. இன்ஜினியரிங் படிக்கும் மகள் ஷாலினிக்கும் தாய்க்கும் அதை விட்டால் வேறு கதி இல்லை. அது முழுவதும் அந்த ஷெட்டுக்குள் போக வேண்டும்.

தடுத்தவள் ஷாலினிதான். "கட்டறதுக்கு முன்னாடி வித்துப் பாக்கோணும்மா. எங்க காலேஜுல அதைத்தான் சொல்லுவாங்க. வாங்கறாங்களான்னு தெரியாம மிஷின் வாங்கக் கூடாது."

"அதுவுஞ் செரிதான்" என்றார் கதிர்வேல். விற்றுப் பார்த்தார்கள். பங்காளி வீடு, மாமன் மச்சான் வீடு, கதிர்வேலின் ராசிபுரத்துச் சம்பந்தி வீடு வரைக்கும் பாக்கெட் போனது. ரிக்குக்குப் போகிற பையன்களுக்கென்று அம்மாக்கள் வாங்கினார்கள். மோகனூரிலிருந்துகூட ஆள் அனுப்பி வாங்கினார்கள். ஸ்ரீதேவி இராப்பகலாக வறுத்தாள், இடித்தாள், கட்டினாள். கதிர்வேல் ஜோசியரிடம் போய் அஸ்திவாரத்துக்கு நாள் குறித்துக்கொண்டு வந்தார்.

அந்த வாரத்தில்தான் அவள் ராசம்மாள் வீட்டுக்குப் போனாள். ராசம்மாள் அன்பழகனின் பெரியப்பா மகள், ஸ்ரீதேவிக்கு நங்கை, அதாவது நாத்தனார் முறை. மூன்றாவது தடவையாகப் பாக்கெட் கேட்டிருந்தாள். ஸ்ரீதேவி போனபோது ராசம்மாள் மாட்டில் பால் கறந்துகொண்டிருந்தாள்.

"உள்ள கொண்டி வெச்சிரு கண்ணு. இதா வாரேன்."

சமையலறை அலமாரியைத் திறந்தாள் ஸ்ரீதேவி. முன்பு கொடுத்த பாக்கெட்டுகள் அத்தனையும் அங்கேயே இருந்தன. கட்டிய நூல்கூட அவிழவில்லை. ஒன்றை மட்டும் எலி கடித்திருந்தது.

பால் சொம்போடு உள்ளே வந்த ராசம்மாள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஒண்ணுகூடப் பிரிக்கலீங்களே நங்கை."

"அட, எங்கம்மா நேரம் கெடைக்குது..."

"பையன் ரிக்குக்குக் கொண்டு போனான், அங்க எல்லாரும் அடிச்சுக்கிட்டாங்கன்னு சொன்னீங்களே."

ராசம்மாள் சொம்பைக் கீழே வைத்தாள். கண்ணில் பொலபொலவென்று நீர் வந்துவிட்டது. "என்ற கல்யாணத்துல பந்தலுக்குக் குழி தோண்டுனதுல இருந்து கடைசிப் பந்தி வரைக்கும் நின்னு செஞ்சவன்மா உன்ற ஊட்டுக்காரன். அவனுக்கு நான் என்ன செஞ்சேன்? கையில குடுத்தா நீ வாங்க மாட்டே. இதை வாங்கிக்கிட்டா உனக்கும் ஒரு கையொத்தாசையா ஆச்சு. மொய் வெக்கற மாதிரின்னு வெச்சுக்கவே."

"எல்லாருமே அப்பிடித்தானுங்களா?"

"நம்ம சனம் வேற எப்பிடிம்மா இருக்கும்? மொய் வெக்கப் போற எடத்துல சோத்துல உப்பிருக்குது, புளியிருக்குதுன்னு யாராச்சும் பேசுவாங்களா?"

அந்தச் சீமையில் கல்யாணமோ, காதுகுத்தோ, எந்தக் காரியமானாலும் சொந்தம் கூடி மொய் வைக்கும். வைப்பவர் தனக்கு என்ன கிடைத்தது என்று பார்க்க மாட்டார். நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுத்தான் படி இறங்குவார். அந்தப் பெரிய மனதை ஸ்ரீதேவி வியாபாரம் என்று நினைத்துவிட்டாள். அதை நம்பித்தான் ஷெட்டுக்கு நாள் குறித்திருந்தது.

வேறொருத்தியாக இருந்தால் அங்கேயே உட்கார்ந்து கதறியிருப்பாள். ஸ்ரீதேவி எலி கடித்த பாக்கெட்டை மட்டும் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். "இதை வெச்சிருந்தா எறும்பு வருமுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

மறுநாள் காலை மகளின் கண்ணாடி முன்னால் நின்றாள். தன்னைத் தெரியாதவர்களிடம்தான் இனிக் கேட்க வேண்டும். தெரியாதவர்கள்கூட இந்த வெறும் நெற்றியைப் பார்த்தால் இரக்கப்பட்டு நல்ல வார்த்தை சொல்லிவிடுவார்கள். ஷாலினியின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றைப் பிய்த்து நெற்றியில் ஒட்டினாள். சுவரில் ஆணி அடிப்பது போல ஒட்டிவிட்டு பஸ் ஏறினாள்.

சங்ககிரியில் லோடுக்குக் காத்திருந்த லாரிகள் வரிசையாக நின்றன. ஒரு லாரியின் நிழலில் இரண்டு டிரைவர்கள் அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டிருந்தார்கள். பெரியவர் காளியப்பன், இளையவன் மணிமாறன். ஸ்ரீதேவி பாக்கெட்டை நீட்டினாள்.

"இனாமுங்களா, வெலைக்குங்களா?" என்றார் காளியப்பன்.

"இனாந்தானுங்க. ஆனா தின்னுபோட்டு மூஞ்சிக்கு நேரா உள்ளதைச் சொல்லோணும்."

"அட, அதுக்கென்னுங்க! எங்கூட்டுல அப்பிடிச் சொன்னாத்தான் கரண்டி பறக்கும். வையப்பா மணி, குக்கரை."

குக்கர் விசில் அடித்தது. மணிமாறன் ஒரு வாய் போட்டான். அடுத்த நொடி தண்ணீர் பாட்டிலைத் தேடினான்.

"என்னடா?"

"ஒண்ணுமில்லீங்ணா. நீங்க நல்லா அள்ளிச் சாப்பிடுங்க" என்று சிரித்தான்.

காளியப்பன் அள்ளிப் போட்டார். மெல்லுவதை நிறுத்தினார். "ஏனுங்க அக்கா, உங்களுக்கு வேதாரண்யம் பக்கமுங்களா?"

"இல்லீங்க. திருச்செங்கோடு."

"அப்பறம் எப்பிடீங்க உப்பளத்தையே கொண்டாந்து கொட்டீருக்கறீங்க?"

ஸ்ரீதேவி கை நீட்டி ஒரு வாய் வாங்கித் தின்றாள். அவளுக்கு வழக்கம் போலத்தான் இருந்தது. மண் போல.

"தெரியலீங்களே" என்றாள்.

"தெரியலீங்களா! உங்கூட்டுக்காரரு இதைத் தின்னுபோட்டு ஒண்ணுஞ் சொல்றதில்லீங்களா?"

"அவரு ஒண்ணுஞ் சொல்றதில்லீங்க."

"அவரு மனுசனில்லீங்க, தெய்வமுங்க. போட்டோ எடுத்து மாலை போட்டுக் கும்பிடோணும்!" காளியப்பன் தொடையைத் தட்டிச் சிரித்தார். மணிமாறனும் சிரித்தான். வீட்டுக் கூடத்தில் அப்படியொரு போட்டோ மாலையோடு தொங்குவது அவர்களுக்குத் தெரியாது. ஸ்ரீதேவி சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்தாள். பிறகு கேட்டாள்:

"உப்பைக் கொறைச்சா வாங்குவீங்களா?"

"மூஞ்சிக்கு நேரா சொல்லட்டுங்களா? வாங்க மாட்டேனுங்க. அரிசி எல்லா ஊர்லயும் கெடைக்குது. அதை எதுக்குங்க இங்கிருந்து பொட்டணங் கட்டோணும்? இந்தப் பூண்டு, மொளகா, சீரகம் வாசம் இருக்குது பாருங்க, இதுதான் அங்க கெடைக்காது. இதை மட்டும் பொடியாக் குடுங்க. உப்பு நாங்களே போட்டுக்கறோம்."

"குடுத்தா வாங்குவீங்களா?"

"மொதல்ல கொண்டாங்க. தின்னு பாத்துட்டுத்தான் பேச்சு."

திரும்பும் பஸ்ஸில் பொட்டை எடுத்து முன் சீட்டுக் கம்பியில் ஒட்டினாள். அவள் நினைப்பு வேறு எங்கோ இருந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் ஷாலினியைக் கேட்டாள். "சாமி, நான் வெக்கற சோத்துல உப்பு சாஸ்தியா இருக்குதா?"

ஷாலினி புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"சொல்லு கண்ணு."

"ஆமாம்மா."

"எப்பத்துல இருந்து?"

"அப்பா போனதுல இருந்து." மகளின் குரல் உடைந்தது. "உனக்குத் தெரியலைன்னு எனக்குத் தெரியும்மா. அடுப்புகிட்ட மட்டுந்தான் நீ எந்திரிச்சு நின்னே. அதையும் நொட்டை சொன்னா மறுபடியும் படுத்துக்குவியோன்னு பயம். நெறையத் தண்ணி குடிச்சுக்குவேன். வித்துப் பாக்கச் சொன்னதே, அவங்களாச்சும் சொல்லுவாங்கன்னுதான். அவங்களும் சொல்லல."

பெற்ற மகளும் தன் பங்குக்கு மொய் வைத்திருக்கிறாள், ஒவ்வொரு வேளையும், தன் தொண்டையால்! தாயின் நெஞ்சு வெடித்திருக்க வேண்டிய நேரம் அது. வெடிக்கவில்லை. ஸ்ரீதேவி மகளின் தலையில் கையை வைத்தாள். அந்தக் கை அங்கேயே வெகுநேரம் இருந்தது.

சாயங்காலம் கதிர்வேல் வந்தார். "மேஸ்திரி வாரானுங்க அண்ணி. நாளைக்கு வங்கிக்குப் போயிரலாமுங்களா?"

"வேண்டாமுங்க தம்பி. ஷெட்டை நிறுத்திருங்க."

"என்னுங்க அண்ணி இது! ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு. நம்ம சனமே இத்தனை வாங்குது..."

"வாங்கலீங்க. மொய் வெச்சாங்க. நீங்களுந்தான் வெச்சீங்க. அவரு படத்தைப் பாத்துச் சொல்லுங்க, உங்கூட்டுல ஒண்ணாச்சும் பிரிச்சீங்களா?"

கதிர்வேல் படத்தைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். "பிரிச்சமுங்க. ஒரு வாய்க்கு மேல முடியலீங்க. வீணாக்கக் கூடாதுன்னு கோழிக்குப் போட்டமுங்க."

"கோழி தின்னுச்சுங்களா?"

"அது... கோழியுந் தின்னலீங்க அண்ணி."

ஷாலினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். அப்பா போன பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான். கதிர்வேலுக்கும் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மேஸ்திரிக்குப் போன் செய்ய வாசலுக்குப் போனார். அன்பழகனின் பணம் வங்கியில் அப்படியே இருந்தது.

மறுநாள் அரிசி இல்லாமல், உப்பு இல்லாமல், வெறும் பொடியாக வறுத்து இடித்தாள். கொஞ்சம் போட்டுச் சோறு பொங்கினாள். "உப்பை நீயே போடு" என்று மகளிடம் டப்பாவைக் கொடுத்தாள். தட்டில் போட்டு எதிரில் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஷாலினி ஒரு வாய் தின்றாள். பிறகு தட்டைத் தாயின் பக்கம் மெல்லத் தள்ளினாள்.

"வேண்டாம்மா. பூண்டு கருகிப் போச்சு. இதைக் கொண்டு போயி அந்த லாரிக்காரங்களுக்குக் குடுக்காதே."

ஸ்ரீதேவி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். இடித்து வைத்திருந்த பொடி முழுவதையும் குப்பைக் கூடையில் கொட்டினாள். முறத்தை இழுத்துப் போட்டு, மறுபடியும் பூண்டு உரிக்க உட்கார்ந்தாள்.